வியாழக்கிழமை நடந்தவர்

“இறந்த தேதி புதன்கிழமைன்னு போட்டிருக்கீங்க. அது தப்பு” என்று சொல்லி, படிவத்தைத் திருப்பி ஜன்னலுக்குள்ளே தள்ளினாள் அவள்.

தகனக் கூடத்து எழுத்தர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அழுகிறவர்களையும் கத்துகிறவர்களையும் நாள் முழுக்கப் பார்த்து மரத்துப்போன மனிதர். திருத்தம் கேட்டு வந்தவளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

“நானா ஒண்ணும் போடலைம்மா. டாக்டர் சர்டிபிகேட்ல புதன்கிழமை ராத்திரின்னு இருக்கு. அதைப் பார்த்துத்தான் எழுதினேன்.”

“டாக்டர் வந்து பார்த்ததே நேத்து மத்தியானம்தான். எங்கப்பா வியாழக்கிழமை ஆறாயிரத்து நானூத்து எண்பது அடி நடந்திருக்காரு. நேத்து வெள்ளிக்கிழமை காலையிலயும் நடந்திருக்காரு. இதோ, நீங்களே பாருங்க.”

போனைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தாள். எழுத்தர் மரியாதைக்கு எட்டிப் பார்த்தார். பின்னால் வேறொரு குடும்பம் அவர்களுடைய காகிதங்களோடு காத்திருந்தது. சித்தப்பா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

“விடும்மா. செத்தவரு எங்கயாவது நடப்பாரா? கையெழுத்தைப் போடு.”

“அதைத்தான் சித்தப்பா நானும் சொல்றேன். நடந்திருக்காரு. அப்படின்னா…”

சித்தப்பா பேனாவை நீட்டினார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அப்பாவை மூடிய பெட்டியில்தான் கொண்டுவந்திருந்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சித்தப்பா முன்னமே தடுத்துவிட்டார். எண்ணி ஏழு பேர் வந்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அந்தத் தேதியில் அவள் ஏன் அப்படிப் பிடிவாதமாக நின்றாள் என்பதற்கு அவளுடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லிஃப்டுகளைப் பராமரிக்கிற நிறுவனம் ஒன்றின் கண்காணிப்பு அறையில் அவள் மேற்பார்வையாளர். சுவரை அடைத்த திரையில் முந்நூற்று நாற்பது லிஃப்டுகள் முந்நூற்று நாற்பது புள்ளிகளாக இருக்கும். பச்சை என்றால் ஓடுகிறது. சிவப்பு என்றால் யாரோ உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே பெரிய அதிகாரி ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்: “பச்சையா இருக்கறதைப் போய் நோண்டாதே. சும்மா இருக்கற சங்கை ஊதிக் கெடுக்கக் கூடாது.” பதினோரு வருஷமாக அந்த விதியைக் காப்பாற்றி நல்ல பேர் வாங்கியிருக்கிறாள். வம்பு என்னவென்றால், அந்த விதி அலுவலகத்தோடு நிற்காமல் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

அம்மா போய் மூன்று வருஷம். அப்பா தனியாக இருந்தார். நான்கு மணி நேர பஸ் பயணத்துக்கு இந்தப் பக்கம் இவளும் தனியாக இருந்தாள். புருஷன் பிரிந்துபோய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் இரண்டு அறை, ஒன்று காலி. “வந்துடுங்கப்பா” என்று எத்தனையோ முறை கூப்பிட்டாள். அப்பா நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “எனக்கு இங்கதான் எல்லைக்கல் நட்டாச்சு. பிடுங்கினா கேஸ் ஆயிடும்” என்று சிரிப்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆசாமி.

கடைசியில் பேரம் பேசித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அடிகளை எண்ணுகிற ஆப் ஒன்றை அவர் போனிலும் தன் போனிலும் ஏற்றி இரண்டையும் இணைத்துவிட்டாள். தினம் ஐயாயிரம் அடி நடந்தால் அவர் இஷ்டப்படி தனியாக இருக்கலாம். தொடர்ந்து ஒரு வாரம் குறைந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு இவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். “ஞாயித்துக்கிழமை லீவு. அன்னிக்குக் கணக்கு கிடையாது” என்று அதிலும் ஒரு சலுகை வாங்கிக்கொண்டார் அப்பா.

அந்த ஒன்றை மட்டுமா ஏற்றினாள்? மாத்திரைக்கு ஒன்று, தண்ணீர் குடிக்க நினைவூட்ட ஒன்று, ரத்த அழுத்தத்தைக் குறித்துவைக்க ஒன்று, மழை வருமா என்று சொல்ல ஒன்று. பெரிய எழுத்தில் செய்தி படிக்கட்டும் என்று டேப்லெட் வேறு வாங்கிக் கொடுத்தாள். அடுத்த முறை வந்து பார்த்தபோது டேப்லெட்டின் மேல் டீ கோப்பை இருந்தது. “மேஜையில கறை படியாம இருக்கும்மா, நல்ல சாமான்” என்றார். போனில் மூன்றே மூன்று ஆப்தான் மிஞ்சியிருந்தன. டார்ச் லைட். ரசமட்டம். இந்த அடிக்கணக்கு. ரசமட்டத்தின் மேல்தான் அவருக்கு உயிர். போனை மேஜை மேலும் ஜன்னல் விளிம்பிலும் வைத்துப் பார்த்து, “இந்தக் கட்டடம் அரை டிகிரி சாஞ்சிருக்கு, சூப்பர்வைசர். கட்டினவனைப் பிடிச்சு உள்ள போடணும்” என்பார். அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஆரம்பத்தில் அவள் தினமும் ராத்திரி பேசிக்கொண்டுதான் இருந்தாள். சாப்டீங்களா, சாப்டேன். மாத்திரை? போட்டாச்சு. அப்புறம்? அப்புறம் என்ன, நீதான் சொல்லணும். சொல்ல இவளிடமும் ஒன்றும் இருக்காது. அந்த மௌனத்தை விட எண் சுலபமாக இருந்தது. ஆறாயிரம் என்று வந்துவிட்டால் மனுஷன் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். பச்சை. தினம் என்பது வாரத்துக்கு ஒன்றாயிற்று, பிறகு அதுவும் தள்ளிப்போயிற்று. வியாழக்கிழமை ராத்திரி ஆறாயிரத்து நானூற்று எண்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது எண் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சித்தப்பா போனில் விஷயத்தைச் சொன்னபோது அவள் வாயில் முதலில் வந்தது, “இப்பத்தானே நடந்துட்டு இருந்தாரு?” என்பதுதான்.

அவள் அப்பாவோடு கடைசியாகப் பேசிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

அப்பாவின் வீட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்று. தரைத்தளத்தில் ஒரு கூடமும் ஓர் அறையும் சமையல் மேடையும். சித்தப்பா டிவியின் பிளக்கைப் பிடுங்கிவைத்திருந்தார். கதவை உடைத்தபோது அது ஓடிக்கொண்டிருந்ததாம். அப்பாவின் போன், கண்ணாடி, சாவிக்கொத்து மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவளிடம் கொடுத்தார். போன் செத்துக் கிடந்தது.

“நீ கொஞ்சம் படு. நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு ராத்திரிக்கு வர்றேன். உங்க சித்தி சாப்பாடு கொடுத்து விடறேன்னா.”

“எதுவும் வேண்டாம் சித்தப்பா.”

“வேண்டாம்னா விட்டுருவாளா அவ?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

படுக்கிற எண்ணமில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ கதவை இரண்டு தட்டுத் தட்டினார்கள். திறந்தால், தபால்துறைச் சீருடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தோளில் காலிப் பை. கையில் ஒரே ஒரு கடிதம்.

“இது இன்னைக்கு வந்தது. பெட்டியில போட மனசு வரலை.”

“உள்ள வாங்க.”

வந்தாள். ஆனால் உட்காரவில்லை. பையின் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். “நான்தான்மா நேத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் சொன்னேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலைன்னா எனக்குச் சோறு இறங்காது.”

“சொல்லுங்க.”

“உங்க போன்ல வந்த அடி எல்லாம் என் அடி.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. தபால்காரம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்பாவால் வாசல் வரைகூட வர முடியவில்லை. இரண்டு முட்டியும் வீங்கிப்போயிருந்தன. “தபால், நீ ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பே?” என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு என்ன தெரியும்? போனைக் கொடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். ஒன்பதாயிரம் வந்தது. அன்றிலிருந்து ராத்திரி படுப்பதற்கு முன் போனை வாசல் தபால் பெட்டியில் போட்டுவிடுவார். காலை பத்தேகாலுக்கு இவள் எடுத்துக்கொண்டு தன் தெருக்களைச் சுற்றி முடித்து, மதியம் கொண்டுவந்து போட்டுவிட்டு, கதவை இரண்டு தட்டுத் தட்டுவாள். உள்ளேயிருந்து சுவரில் ஒரு தட்டு பதிலுக்கு வரும். பிறகு அவர் மெதுவாக எழுந்து வந்து எடுத்துக்கொள்வார், அவளுக்கு நேரம் இருந்தால் நாலு வார்த்தை பேசுவார்.

“ஒன்பதாயிரம் எனக்கு அதிகம்னு அவரே சொல்லி, நான் போற தெருவெல்லாம் கேட்டுக் கேட்டு ஒரு படம் வரைஞ்சு கொடுத்தாரு. எந்தச் சந்துல புகுந்து எங்க வெளிய வரணும்னு. ரெண்டு மேடு மிச்சமாச்சு. ஆறாயிரத்துச் சொச்சத்துல முடிஞ்சிடும். ‘பார்த்தியா தபால், உன் காலைக் காப்பாத்தப் போய் என் கணக்குல இடிக்குது’ன்னு சிரிப்பாரு.”

அவள் சிரிக்கவில்லை. “வியாழக்கிழமை?”

தபால்காரம்மாவின் குரல் இறங்கியது. “போன் பெட்டியில இருந்துச்சு. எடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்து ரெண்டு தட்டு தட்டினேன். பதில் தட்டு வரலை. உள்ள டிவி ஓடிட்டு இருந்துச்சு. அந்தச் சத்தத்துல கேக்கலை போலன்னு நினைச்சுட்டுப் போயிட்டேன். நேத்து வந்தா போட்ட போன் போட்ட இடத்துலயே இருக்கு. அப்பவும் எடுத்துட்டுப் போனேன் பாருங்க, புத்தி கெட்டவ. பாதி சுத்துல இருந்தே மனசு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. திரும்பி வந்து எவ்வளவு தட்டியும்…” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “போய்ச் சேர்ந்த மனுஷனைப் பையில வச்சுக்கிட்டு ரெண்டு நாள் நடந்திருக்கேன்மா.”

அவளுக்குக் கோபம்தான் வந்தது. இந்த அம்மாள் மேல் மட்டுமில்லை, அப்பா மேலும். ஒவ்வொரு ராத்திரியும் எண் ஐயாயிரத்தைத் தாண்டும்போது அவளுக்கு நிம்மதியோடு சின்னதாக ஓர் ஏமாற்றமும் வரும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவர் தோற்க வேண்டும் என்றுதான் அவள் ஆசைப்பட்டாள். தோற்றால் வந்துவிடுவார், காலி அறையில் விளக்கு எரியும். எட்டு மாசத்துக்கு முன்பே தோற்றுவிட்டவர் இப்படித் தில்லுமுல்லு பண்ணி ஜெயித்திருக்கிறார். பெண்ணோடு வந்து இருப்பது அவருக்கு அவ்வளவு கசப்பா?

“நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன்லயே என் நம்பர் இருக்கு. முட்டி வீங்கி நடக்க முடியாதவரை இங்க தனியா விட்டுட்டு, நீங்க போய் அடி எடுத்து வச்சீங்களா?”

“தப்புத்தான்.”

“எங்கூட வந்து இருக்க என்ன கேடு அவருக்கு? கேட்டீங்களா அதை?”

“கேட்டேன்மா. பொண்ணு கூப்பிடுதே, போக வேண்டியதுதானேன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

தபால்காரம்மா தயங்கினாள். “மனசுல வச்சுக்காதீங்க. ‘அங்க போனா அவ வேலைக்குப் போயிடுவா, நான் பத்து மணி நேரம் கதவையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும். இங்க காலையில நீ வர்றே, மத்தியானம் திரும்ப வர்றே. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஒருத்தர் என் வாசலுக்கு வர்றாங்க. அதை விட்டுட்டு எப்படி வர்றது’ன்னாரு.”

பதினோரு நாள் என்று அவள் மறுபடி எண்ணிப் பார்த்தாள். தபால்காரம்மா கடிதத்தை மேஜை மேல் வைத்தாள். மின்சார வாரியத்திலிருந்து ஏதோ அறிவிப்பு.

“உங்களைப் பத்திப் பேசாத நாள் கிடையாது,” என்றாள், கதவருகே போய் நின்று. “அந்த ஆப்ல உங்க அடியும் அவருக்குத் தெரியுமாமே? திங்கக்கிழமை மத்தியானம் கதவைத் திறந்ததும் முதல்ல அதைத்தான் சொல்லுவாரு. ‘சூப்பர்வைசர் நேத்து லீவு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இருநூறு அடி. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடந்திருக்கா, அவ்வளவுதான். வீட்டை விட்டு வெளியவே போகலை’ம்பாரு. ரொம்ப வருத்தப்படுவாரு. எனக்கும் ஞாயித்துக்கிழமை லீவு இல்லியா? அன்னைக்கு மட்டும் போன் அவர்கிட்டயே இருக்கும். அன்னைக்கு அவரே நடப்பாரு.”

“அவரா? முட்டி வீங்கியிருந்ததுன்னீங்க?”

“வீட்டுக்குள்ளதான். ‘எங்கூட நடன்னு சொன்னா கேட்க மாட்டா. அவ நடக்கற அளவுக்காவது நான் கூட நடக்கறேன்’னு சொல்லுவாரு. அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. வர்றேன்மா.”

தபால்காரம்மா போய்விட்டாள். ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. பிளாஸ்டிக் பையிலிருந்து அப்பாவின் போனை எடுத்து, டிவியின் பிளக் இருந்த இடத்தில் சார்ஜரைச் செருகினாள். பத்து நிமிஷத்தில் அது உயிர் பெற்றது. பூட்டு எதுவும் கிடையாது. “எங்கிட்ட திருட என்னம்மா இருக்கு?” என்று அவர் வைக்க விடவில்லை.

ஆப்பைத் திறந்தாள். இரண்டு வரிசை. மேலே ‘நான்’. கீழே ‘சூப்பர்வைசர்’. அவள் போனிலும் இதே இரண்டு வரிசை உண்டு. தன்னுடைய வரிசையை அவள் ஒரு நாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

விரலால் பின்னுக்குத் தள்ளி ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் பார்த்தாள். போன ஞாயிறு, சூப்பர்வைசர் 212, நான் 219. அதற்கு முந்தைய ஞாயிறு, சூப்பர்வைசர் 187, நான் 190. அதற்கும் முன்னால் 341, 348. பேரத்தில் சேராத நாள். யாருக்கும் காட்ட வேண்டிய அவசியமில்லாத அடிகள். எட்டு மாசமாக ஒவ்வொரு ஞாயிறும் அவளைத் தொட்டுவிட்டு, சில அடி கூட வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இன்னும் பின்னே போனாள். இரண்டு மாசத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விரல் நின்றது.

சூப்பர்வைசர் 3118. நான் 3126.

அந்த ஞாயிறு அவளுக்கு நினைவிருந்தது. மரச்சாமான் கடைக்குப் போயிருந்தாள். நான்கு தளம் ஏறி இறங்கி, ஒவ்வொரு மெத்தையாக அழுத்திப் பார்த்து, முட்டிவலிக்காரர்கள் எழுந்திருக்கத் தோதான உயரத்தில் ஒற்றைக் கட்டில் ஒன்றை வாங்கினாள். வலி ஒன்றும் அவர் சொன்னதில்லை. வயசானவர், எப்படியும் வரும் என்று தானாகவே நினைத்துக்கொண்டாள். அந்தக் கட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் காலி அறையில் கிடக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பிடிவாதம் கூடும் என்று விட்டுவிட்டாள்.

அன்று ராத்திரி அவள் பேசினாள். அது கூட நினைவிருந்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

“என்னப்பா, இப்படி இரைக்குது?”

“ஒண்ணுமில்ல. இன்னைக்கு வெளிய போயிருந்தியா?”

“ஆமாப்பா. சும்மா, கடைக்கு.”

“போகணும். அப்படித்தான் போகணும்,” என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போனை மேஜை மேல் வைத்தாள். எழுந்து ஜன்னலடியிலிருந்து வாசல் கதவு வரை நடந்து பார்த்தாள். பதினோரு அடி. அந்த முட்டியோடு அவர் தேய்த்துத் தேய்த்து நடந்திருந்தால் இருபது அடியாவது ஆகியிருக்கும். அப்படியானால் நூற்றைம்பது தடவைக்கு மேல் இந்தக் கூடத்தைக் கடந்திருக்க வேண்டும். காலையில் ஆரம்பித்தாரா, மதியமா, நடுவில் எத்தனை முறை உட்கார்ந்தார், யாருக்குத் தெரியும்? அவள் கடையில் லிஃப்டுக்குக் காத்திருந்த நேரத்தில் இவரும் கொஞ்சம் நின்றிருப்பார்.

அழுகை அப்போதுதான் வந்தது. காலையிலிருந்து வராதது, நடந்துகொண்டிருக்கும்போதே வந்தது. நிற்காமல் நடந்தாள்.

ஜன்னல் பக்கம் திரும்புகிற இடத்தில், அவள் தோள் உயரத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஓர் உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் அழுக்குப் படிந்திருந்தது. விரல்கள்கூட லேசாகத் தெரிந்தன. கதவோரத்தில் அதே உயரத்தில் இன்னொன்று. ஊன்றித் திரும்பி, ஊன்றித் திரும்பி விழுந்த கறை.

அவள் ஜன்னல் வரை போனாள். சுவரில் கை படாமல், ஓரடி முன்னதாகவே திரும்பிக்கொண்டாள்.